ஒதுங்க இடமில்லாத மலை

பெண்கள் சுத்தம் பார்ப்பவர்கள், ஆண்கள் அப்படி இல்லை என்பது வீட்டுப் பேச்சிலும் மேடைப் பேச்சிலும் தடையில்லாமல் ஓடும் கருத்து. அதற்குக் கணக்கும் காட்டுவார்கள். 2010-இல் அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் பொதுக் கழிப்பறைகளில் ஆள் நிறுத்திக் கவனித்தபோது பெண்களில் 93 விழுக்காட்டினரும் ஆண்களில் 77 விழுக்காட்டினரும் கை கழுவினார்கள். 2013-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3,749 பேரைக் கவனித்தார்கள். ஆண்களில் 15 விழுக்காட்டினரும் பெண்களில் 7 விழுக்காட்டினரும் குழாயைத் தொடாமலே வெளியேறினார்கள். கணக்கில் தவறில்லை. ஆனால் அந்தக் கணக்கு எடுக்கப்பட்ட இடத்தில் ஆணுக்கு ஒரு கதவும் பெண்ணுக்கு ஒரு கதவும் இருந்தன, இரண்டு கதவுக்கும் பின்னால் திறந்தால் தண்ணீர் கொட்டும் குழாய் இருந்தது. இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு மூணாறு தேயிலை மலைக்கோ, உடும்பஞ்சோலை ஏலக்காட்டுக்கோ, பாலக்காட்டுச் சிற்றூர் தாலுகாவின் எல்லைப் பஞ்சாயத்துகளுக்கோ போனால் அளப்பதற்கு ஒன்றும் இருக்காது. அங்கே ஆண் பெண் பழக்கங்களுக்குள் வேறுபாடு நிறையவே உண்டு. அந்த வேறுபாட்டை உண்டாக்கியவை சுபாவமோ வளர்ப்போ அல்ல. யாருக்கு எவ்வளவு இடம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று ஒன்றரை நூற்றாண்டாக நடந்த பங்கீடு என்பதே என் கட்சி.

இந்த மலைகள் தமிழ் உழைப்பால் தோட்டமானவை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். 1880-இல் ஏ.எச். ஷார்ப் பார்வதி என்ற இடத்தில் தேயிலை நட்டார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவாயிற்று. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆள் கட்டினார்கள். போடியிலிருந்து மலையேறி வந்த அந்தக் கூட்டத்தில் பெண்கள் ஏராளம். கொழுந்து கிள்ளப் பெண் கை வேண்டும் என்பது தோட்டக்காரர்களின் தீர்மானம். பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதியிலும், அதை அடுத்த ஆனைமலையில் வால்பாறையிலும் இதே கதைதான். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அந்த வாழ்க்கையை 1969-இல் நாவலாக எழுதினார். அது இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆகத் தமிழுக்கு வந்தது. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன, இடுக்கி என்ற மாவட்டம் பிறந்ததே 1972-இல் என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்சி மாறியது, மாநிலம் மாறியது, கம்பெனியின் பெயர்ப்பலகையும் மாறியது. மிகக் குறைவாக மாறியது லயம்.

லயத்தின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயம் முழுக்க அதற்குள் இருக்கிறது. ஒரே கூரையின்கீழ், பொதுச்சுவர் வைத்து, வரிசையாக அடைத்த வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை அல்லது ஓரச் சாய்ப்பு, அடுப்புக்கு ஒரு மூலை. இதே பொதுச்சுவர், இதே வரிசை, பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்திலும் உண்டு. தெருவில் நின்று பார்த்தால் அங்கேயும் வாசல் குறுகல்தான். ஆனால் உள்ளே போகப் போக வீடு நீளும்: திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, அப்புறம் கிணறும் மரமுமாகக் கொல்லை. கக்கூஸ் கொல்லைக் கோடியில். அந்தக் காலத்தில் அதை அள்ள வந்தவர் வாசல் வழியாக வராமல் பின்பக்கமாக வந்து போனார். அந்தத் தனிமை இன்னொரு சாதியின் முதுகின்மேல் ஏறி நின்ற தனிமை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தகழி 1947-இல் ‘தோட்டியின் மகன்’ எழுதியபோது ஆலப்புழையில் மலம் அள்ளிய மூன்று தலைமுறையில் முதல் இருவருக்கு இசக்கிமுத்து, சுடலைமுத்து என்று தமிழ்ப் பெயர்கள் அமைந்தது தற்செயல் இல்லை. நான் சொல்ல வருவது வீட்டின் ஆழத்தைப் பற்றி. அக்கிரகாரத்து வீட்டில் ஒரு பெண் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கலாம், கிணற்றடியில் குளிக்கலாம், துணி அலசி உலர்த்தலாம். மாதத்தில் மூன்று நாள் அவளைப் பின்கட்டில் உட்கார வைத்த தீட்டு விதியும் அதே வீட்டில் இருந்தது, அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. லயத்து வீட்டுக்கு முன்கட்டு மட்டும்தான். பின்சுவரை ஒட்டி அடுத்த வரிசை, அல்லது சாக்கடை, அல்லது தேயிலை. கம்பெனி கட்டியது உறங்குவதற்கு ஓரிடம். உடம்பின் மற்ற தேவைகளுக்கு மலை இருக்கிறதே என்று விட்டுவிட்டது.

மலை ஆணுக்குப் போதும். நின்ற இடத்தில் திரும்பிக்கொண்டால் வேலை முடிந்தது. குழாயடியில் துண்டைக் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் குளிக்கலாம், ஓடைக்கு இறங்கிப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெண்ணுக்கு அதே மலையில் இரண்டே பொழுது இருந்தது: விடிவதற்கு முன்னும், இருட்டிய பின்னும். அந்த இரண்டு பொழுதிலும் அவளுக்கு வேறு வேலைகள் வரிசையில் நின்றன. விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளையை ஆயாவிடம் விட வேண்டும், எட்டு மணிக்குள் மஸ்டருக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். மாலையில் கடைசி எடை முடிந்து வீடு திரும்பினால் மறுபடி தண்ணீர், விறகு, அடுப்பு. குளியல் என்பது மார்பில் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, அந்தத் துணிக்கு மேலேயே நாலு சொம்பு ஊற்றிக்கொள்வது. உடம்பு முழுசாக நனையும், முழுசாகத் தேய்க்க முடியாது. வேலைக்காட்டில் நிலைமை இன்னும் மோசம். வெட்டிச் சமமாக நிறுத்திய தேயிலைச் செடி இடுப்பளவுதான். தூரத்துச் சரிவிலிருந்து பார்த்தால் நிற்பவர் தலை எல்லாம் தெரியும். செடிகளுக்கு நடுவே உட்காரலாம் என்றால் மழைக்காலம் முழுக்க அட்டை. இடுப்பில் இறுக்கிக் கட்டிய படுதாவையும், அதன்மேல் தொங்கும் கூடைக் கயிற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டுவதற்குள் பக்கத்து நிரைக்காரி நாலு செடி முன்னால் போய்விடுவாள். போவதற்கு முன்னால் சூப்பர்வைசரிடம் சொல்லியாக வேண்டும், அவர் பெரும்பாலும் ஆண். ஆகவே பெண்கள் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். காலையில் ஒரு கட்டஞ்சாயா, மதியம் சோற்றோடு ஒரு வாய், அவ்வளவுதான். அடக்கி அடக்கி வைப்பதால் சிறுநீர்த் தாரையில் வரும் தொற்றும் எரிச்சலும் கல்லும் எந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் புதிய செய்தி இல்லை. வெளியே நின்று பார்ப்பவருக்கு இந்தப் பழக்கம் கட்டுப்பாடாகத் தெரியும், சுத்தமாகக்கூடத் தெரியும். ஆண் கண்ட இடத்தில் நிற்கிறான், பெண் நிற்பதில்லை, பாருங்கள் என்பார்கள். அவள் நிற்காததற்கு விலையை அவளுடைய சிறுநீரகம் கொடுக்கிறது.

மாதவிடாயைப் பற்றி இந்த மலைகளின் பதிவுகளில் ஏறக்குறைய ஒரு வரிகூடக் கிடையாது. தோட்ட நிர்வாகத்தின் ஆவணங்கள் ஆண்கள் எழுதியவை. தொழிற்சங்கத் தீர்மானமும் அப்படியே. ஆனால் நிலைமையைக் கணிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மூணாற்றில் வெயில் முகம் காட்டுவது அபூர்வம். பழஞ்சேலையைக் கிழித்து மடித்த துணியை அலசுவதற்குத் தனி இடம் இல்லை, காயப்போட வெயில் இல்லை, காயப்போட்டால் ஊர் பார்க்கும். அதனால் வேறு துணிக்கு அடியில், கூரைச் சாய்ப்பின் இருட்டில், அல்லது அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் புகையோடு புகையாக அது பாதி காயும். பாதி காய்ந்த துணியைக் கட்டிக்கொண்டு சரிவில் எட்டு மணி நேரம் ஏறி இறங்கினால் தொடை புண்ணாகும். வெயிலில் உலர்த்திய துணி நல்லது என்று சுகாதார வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள், வெயிலும் மறைவும் ஒரே இடத்தில் கிடைக்கும் வீடு எது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். அண்மைக் காலத்தில் நாப்கின் வந்தது, அதை எரிக்கவோ புதைக்கவோ இடம் வேண்டும். மாதவிடாய்க் கோப்பைகளை 2019-இல் ஆலப்புழை நகராட்சி ‘திங்கள்’ என்ற பெயரில் இலவசமாகவே கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் கோப்பைக்குச் சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைக்கப் பாத்திரமும் தாழ்ப்பாள் போட்ட கதவும் வேண்டும். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் விஷயம் மறுபடி இடத்திலும் தண்ணீரிலும் வந்து நிற்கிறது.

தோட்டக்காரர்களுக்குத் தொழிலாளியின் மலம் பற்றிக் கவலை வந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் வந்தது. அதற்குக் காரணம் கொக்கிப்புழு. ஈரமும் நிழலும் மிதமான வெப்பமும் உள்ள மண்ணில், திறந்த வெளியில் கழித்த மலத்திலிருந்து பொரிந்து, வெறுங்காலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு அது. தேவிகுளத்து உச்சிகளில் உறைபனி அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். பீருமேட்டுச் சரிவுகளும் ஏலக்காடும் நெல்லியாம்பதியும் அதற்கு மெத்தை விரித்த இடங்கள். அமெரிக்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளை முதலில் இலங்கைத் தோட்டங்களிலும், பிறகு சென்னை மாகாணத்திலும் இதை எதிர்த்துப் பிரசாரம் நடத்தியது. இலங்கையில் வேலை பார்த்த டபிள்யூ.பி. ஜேகாக்ஸ் 1928-ஐ ஒட்டித் திருவிதாங்கூர் வந்தார். அவருடைய ஆலோசனையின்பேரில் 1933-இல் அங்கே பொதுச் சுகாதாரத்துக்குத் தனித் துறை அமைந்தது. கக்கூஸ் கட்டு, செருப்புப் போடு, மாத்திரை விழுங்கு என்பதே பிரசாரத்தின் சாரம். ரத்தமில்லாத கூலி குறைவாக வேலை செய்வான் என்று கணக்குப் பார்த்த முதலாளிகளும் இதற்கு ஒத்துழைத்தார்கள். புழு ஆண் காலையும் பெண் காலையும் ஒரேபோல் துளைக்கும். ஆனால் மாதாமாதம் ரத்தம் இழக்கிற, பிள்ளை சுமக்கிற, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற உடம்பில் அது செய்யும் சேதம் இரட்டிப்பு. அந்தப் பிரசாரத்தின் பேச்சு முழுக்கக் ‘கூலி’யைப் பற்றியது, அந்தக் கூலி பிரசாரகர் மனத்தில் எப்போதும் ஓர் ஆண். பெண்ணுக்கு எந்த நேரத்தில், எவ்வளவு தூரத்தில், எந்த மறைவில் கக்கூஸ் வேண்டும் என்ற கேள்வி எழவே இல்லை.

இங்கே ஒரு பலமான ஆட்சேபம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கம்பெனிகள் கக்கூஸ் கட்டிக் கொடுத்தன, தொழிலாளிகள்தான் போகவில்லை என்பது தோட்டக்காரர் தரப்பின் பழைய வாதம். அதில் உண்மை இருக்கிறது. லயத்திலிருந்து தள்ளி, பல குடும்பங்களுக்குப் பொதுவாகக் கட்டிய கக்கூஸ்கள் பலவும் பூட்டியோ பாழடைந்தோ கிடந்தன. ஏன் போகவில்லை என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வாதம் திரும்பிக்கொள்ளும். நம் ஊர்ப் பழக்கத்தில் கக்கூசுக்குத் தண்ணீர் வேண்டும். கம்பெனி சுவர் எழுப்பியது, குழாய் வைக்கவில்லை. ஆக, ஒவ்வொரு முறையும் குடத்துத் தண்ணீரில் ஒரு பங்கு அங்கே போக வேண்டும், அந்தக் குடத்தைச் சுமந்து வந்தவள் பெண். வீட்டில் ஆறு பேர் கக்கூசுக்குப் போகத் தொடங்கினால் அவளுக்கு நாளுக்கு இரண்டு மூன்று நடை கூடும். அதைச் சுத்தம் செய்யத் தோட்டி வராத நாளில் அந்த வேலையும் அவள் தலையில்தான். இரவில் அங்கே விளக்கு கிடையாது. யானையும் சிறுத்தையும் நடமாடும் மலை அது. மூணாற்றில் ‘படையப்பா’ என்று பேர் வைத்துக் கூப்பிடும் கொம்பன் இன்றும் லயத்து வாசல் வழியே நடந்து போகிறது. அரிசிக்காகச் சின்னக்கானல் பக்கம் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில்தான் மயக்க ஊசி போட்டு அப்புறப்படுத்தினார்கள். இப்படி ஒரு கக்கூசை எவள் நம்பி நடுராத்திரியில் போவாள்? அது தண்ணீரும் வெளிச்சமும் இல்லாத சுவர். சுவரைப் பயன்படுத்தாததை அறியாமை என்று எழுதிவைத்தவர்களின் பங்களாவில் ஒவ்வொரு படுக்கையறையோடும் ஒரு குளியலறை இருந்தது.

இன்னோர் ஆட்சேபம், இது கம்பெனியின் குற்றமல்ல, நம் பண்பாட்டின் கூச்சம் என்பது. பெண் பகலில் ஒதுங்கக் கூடாது, அவள் துணி வெளியில் தெரியக் கூடாது என்று விதித்தது எந்தத் துரையும் இல்லையே என்று கேட்பார்கள். சரிதான், கூச்சத்தை மலைக்கு நாமே கொண்டுபோனோம். ஆனால் கூச்சம் மட்டும் தனியாக ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிடாது. இடுக்கி மலைகளின் முதுவர் குடிகளில் மாதவிடாய்ப் பெண்களுக்குத் தனிக் குடில் கட்டும் வழக்கம் உண்டு. விலக்கி வைக்கும் வழக்கமே ஆனாலும், விலக்கியவளுக்கு ஓர் இடம் தேவை என்பதை அந்தச் சமூகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. தோட்டம் கூச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் எடுத்துவிட்டது. இது தமிழர்களுக்கே உரிய கூச்சமும் அல்ல. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் வைத்த கட்டணக் கழிப்பறைகளுக்கு லட்சக்கணக்கானோர் வந்து போனார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் பகுதியில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுவதற்கு ஊரே எதிர்த்தது. அந்தப் பகுதியின் நகர மன்றத்தில் உறுப்பினராக இருந்த பெர்னார்ட் ஷா இதைப் பற்றி 1909-இல் கோபமாக ஒரு கட்டுரையே எழுதினார். கழிப்பறை இல்லாவிட்டால் பெண் வீட்டிலிருந்து சில மணி நேரத் தூரத்துக்கு மேல் போக முடியாது என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றே. லண்டன்காரி வீட்டுக்குத் திரும்பிவிடலாம், கொழுந்துக்காரி மாலை எடை வரை மலையில் நின்றாக வேண்டும். அந்த ஒரு வேறுபாடு போதும், கூச்சம் நோயாக மாறுவதற்கு.

சுதந்திர இந்தியா இதைக் கவனிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, ஒவ்வொரு தோட்டத்திலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே போதுமான கக்கூஸ்களும் சிறுநீர் கழிக்கும் இடங்களும், வேலை செய்பவர்கள் வசதியாக எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்றது. எட்டாம் பிரிவு குடிதண்ணீருக்கு. சட்டம் 1954-இல் நடைமுறைக்கு வந்தது, கேரளம் 1959-இல் விதிகள் வகுத்தது. காகிதத்தில் குறை காண்பது கடினம். நடந்தது என்னவென்றால், தோட்டத்தின் கட்டடம் உள்ள பகுதியில் சட்டம் ஓரளவு நுழைந்தது, செடி உள்ள பகுதியில் நுழையவில்லை. டீ ஃபாக்டரி தொழிற்சாலைச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தது. அங்கே கக்கூஸ் உண்டு, தண்ணீர் உண்டு, இன்ஸ்பெக்டர் வந்தால் பார்க்க ஒரு கதவு உண்டு. ஃபாக்டரியில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அவர்களுக்குச் சம்பளம் நேரக் கணக்கு. கொழுந்துக்காரிக்கோ கிலோக் கணக்கு. 2015 வரை மூணாற்றில் ஒரு நாள் கூலி 232 ரூபாய்க்கு 21 கிலோ கிள்ள வேண்டும், அதற்கு மேல் கிள்ளினால் கூடுதல் காசு. அரை மணி நேரம் ஒதுங்கி வந்தால் ஃபாக்டரித் தொழிலாளிக்குப் போவது அரை மணி, கொழுந்துக்காரிக்குப் போவது கிலோ. ஒரே கம்பெனி, ஒரே லயம், ஒரே குடும்பம்கூட. புருஷன் கதவைச் சாத்திக்கொள்கிறான், பெண்டாட்டி அடக்கிக்கொள்கிறாள். இவர்கள் இருவரின் பழக்கத்தையும் பக்கத்தில் வைத்து இயற்கையின் வேறுபாடு என்று எழுதுவது சுத்த சோம்பேறித்தனம்.

ஏலக்காட்டில் சட்டத்தின் நிழலும் சரியாக விழுவதில்லை. போடி, கம்பம், தேவாரம் பக்கத்திலிருந்து பெண்கள் விடிகாலையில் ஜீப்பில் நெருக்கி ஏறி, போடிமெட்டோ கம்பம்மெட்டோ குமுளியோ தாண்டி உடும்பஞ்சோலைத் தோட்டங்களுக்குப் போய், இருட்டும்போது இறங்குகிறார்கள். 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் உள்ள தோட்டத்துக்குத்தான் இயல்பாகப் பொருந்தியது. ஏலத்தில் சிறு துண்டு நிலங்கள் ஏராளம். இன்று ஒரு காட்டில், நாளை இன்னொன்றில் என்று கூலிக்குப் போகிறவளுக்கு எந்தத் தோட்டத்தின் பதிவேட்டிலும் நிலையான பேர் இல்லை. அவள் வீட்டில் கழிப்பறை தமிழ்நாட்டுக் கணக்கில் இருக்கிறது, அவள் வேலை கேரளக் கணக்கில் இருக்கிறது, அவள் உடம்பு பன்னிரண்டு மணி நேரம் இரண்டு கணக்கிலும் இல்லை. ஏலச்செடி உயரமானது, மறைவு உண்டே என்று கேட்கலாம். உண்டு. அந்த மறைவில் பாம்பு உண்டு, தெளித்த பூச்சிமருந்து உண்டு, கை கழுவச் சோப்பும் தண்ணீரும் இல்லை.

பாலக்காட்டு எல்லைக்கு வந்தால் தண்ணீரின் கதை தனியாகவே எழுந்து நிற்கும். கேரளம் என்றால் குளமும் ஆறும் என்று நினைக்கிறவர்கள் சிற்றூர் தாலுகாவின் கிழக்கே, தமிழ் பேசும் எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனதில்லை. மழைமறைவுப் பகுதி அது. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது. கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீரின் குணம் மாறிப்போயிற்று என்று முதலில் சொன்னவர்கள் பெண்கள். குளித்தால் அரிக்கிறது, தலை பிசுக்குப் பிடிக்கிறது, அரிசி சரியாக வேகவில்லை என்ற அவர்களுடைய முறையீட்டைத் தொடக்கத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முன்னின்ற போராட்டம் 2002 ஏப்ரலில் தொடங்கியது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. தண்ணீர் கெட்டதைப் பெண்கள் முந்தி அறிந்ததற்கு அவர்களுடைய சுத்த உணர்வு கூர்மையானது என்று யாராவது காரணம் சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீரை இறைத்ததும் சுமந்ததும் அதில் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் அவர்கள் கை. நல்ல தண்ணீருக்குத் தூரம் போக வேண்டி வந்தபோது நடந்ததும் அவர்கள் கால்.

இந்தப் பங்கீட்டைத் தட்டிக் கேட்டதும் பெண்களே, ஆண்கள் தலைமை தாங்கிய சங்கங்கள் அல்ல. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் கழிப்பறை கேட்டபோது, தண்ணீரைக் குறைவாகக் குடியுங்கள் என்ற பதில் கிடைத்தது. பி. விஜி தொடங்கிய பெண்கூட்டு என்ற அமைப்பு அந்தக் கோரிக்கையிலிருந்து வளர்ந்ததுதான். உட்கார்ந்து வேலை செய்யும் உரிமை 2018-இல் கேரளக் கடைகள் சட்டத்தில் ஏறும் வரை அது ஓயவில்லை. மலையில் 2015 செப்டம்பரில் நடந்தது இதைவிடப் பெரியது. போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்ததும் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மூணாறு வீதியை அடைத்து உட்கார்ந்தார்கள், சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. பெம்பிளை ஒருமை என்று பேர் விழுந்த அந்தப் போராட்டம் ஒன்பது நாளில் 20 விழுக்காட்டை மீட்டது. செய்தியாளர்களிடம் அவர்கள் பேசியதில் போனசோடு ஓர் அறை வீடும் கழிப்பறை இன்மையும் சேர்ந்தே வந்தன. அதிகாரிகள் பங்களாவில் இருக்க நாங்கள் இப்படி இருக்கிறோமே என்ற ஒப்பீட்டை அவர்களே செய்தார்கள். தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு எழுதப்பட்டு அப்போது 64 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எல்லாம் பழைய கதை, இப்போது வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்துவிட்டது என்பது மிச்சமுள்ள ஆட்சேபம். வந்திருக்கிறது, பல லயங்களில் வீட்டோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள், அது பெரிய மாற்றம். கேரளத்தின் ஊர்ப்புறங்கள் திறந்தவெளி மலங்கழிப்பு அற்றவை என்று 2016 நவம்பர் 1-இல் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு எண்ணியது வீடுகளை. பகலில் வீட்டில் இல்லாதவளை அது எண்ணவில்லை. பீருமேட்டில் 2000-இல் மூடிய தோட்டங்களின் லயங்களில் செப்பனிட ஆளில்லாமல் கூரையோடு கழிப்பறையும் இடிந்ததையும் அது எண்ணியிருக்க முடியாது. தமிழ்ப் பிள்ளைகள் மலையிறங்கிப் படிக்கப் போக, அவர்கள் தாய்மார் நின்ற நிரைகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பெண்கள் நிற்கிறார்கள். சாதி வேறு, மொழி வேறு, வளர்ப்பு வேறு. வேலைக்காட்டில் கழிப்பறை இல்லையென்றால் அவர்களும் அதே செடிகளுக்கு நடுவில்தான் உட்கார வேண்டும், அல்லது தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ஆண், பெண், திருநர் மூவருக்கும் தனித்தனிக் கழிப்பறை என்கிறது. எழுத்து முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. அதை நிறைவேற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். லயத்தில் எத்தனை கழிப்பறை என்று எண்ணுவதோடு நிறுத்த வேண்டாம். கொழுந்து கிள்ளும் நிரையிலிருந்து பக்கத்துக் கழிப்பறை எத்தனை மீட்டர், அதில் தண்ணீர் உண்டா, போய்வரும் நேரத்துக்குக் கிலோவில் பிடித்தம் உண்டா என்ற மூன்றையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கொழுந்து எடை போடும் இடத்துக்கு நாள்தோறும் ட்ராக்டர் வந்து போகிறது. அதன் பின்னால் ஒரு சக்கரக் கழிப்பறையையும் ஒரு பீப்பாய் தண்ணீரையும் கட்டி இழுத்துவர எந்தக் கம்பெனிக்கும் பெரிய செலவாகாது.